பூமயிலின் அளவு

புதுக்கோட்டையில் பல்கீஸின் சைக்கிள் கடையில் சகாயமேரி வேலை கற்றுக்கொண்டிருந்தாள். குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சிஷ்யைக்கு நாற்பத்தொன்பது. சிஷ்யை குருவை டீச்சர் என்பாள். குரு சிஷ்யையை அக்கா என்பாள். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

சகாயமேரி இருபது வருஷம் தையல் தைத்தவள். கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் கடைக்கு வரமாட்டாள். வருகிறவர்களை நிற்கவைத்து அளந்து, நோட்டில் பேனாவால் எழுதி, அடியில் அழுத்தி ஒரு கோடு போடுவாள். பழக்க தோஷம். பல்கீஸின் காதோரம் ஒரு பென்சில் துண்டு இருக்கும்.

ஒரு நாள் காலை சகாயமேரி கேட்டாள்.

"டீச்சர், எடுத்த அளவு சரிதான்னு எதை வச்சுச் சொல்றது?"

"டீயைக் குடிங்கக்கா. ஆறுது."

குடித்து முடித்தாள். அதற்குள் பல்கீஸ் சாமான் வாங்கத் திருச்சிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அன்று மதியம் தைலம்மை என்ற பெண் ஒரு லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"முட்டி ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுக்கா. எம் மகளுக்குக் கண்ணு தெரியாது. அவ படிக்கிற பள்ளிக்கூடம் எட்டு கிலோமீட்டர். அந்த நேரத்துக்கு எங்க ஊர்ல பஸ் கிடையாது. நான் மிதிக்கலைன்னா பூமயிலு படிப்பு நின்னுரும்."

சகாயமேரி அவளை நிற்கவைத்து அளந்தாள். சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு உட்காரவைத்தாள். சீட் ரொம்பத் தாழ்வு, முழங்கால் மடங்கியபடியே மிதிக்கிறது. பெடல் கீழே போகும்போது கால் நன்றாக நீளும்படி சீட்டை மூன்று விரல் உயர்த்தினாள். எதிர்காற்றுக்குக் குனிந்து மிதிக்கட்டும் என்று ஹேண்டில்பாரையும் தாழ்த்தி முன்னால் சாய்த்தாள்.

தைலம்மை தெருவில் ஒரு சுற்று போய் வந்தாள்.

"மிதிக்கிறதே தெரியலக்கா!"

சகாயமேரி நோட்டில் எழுதினாள். இரண்டு கோடு போட்டாள்.

நான்காம் நாள் தைலம்மை திரும்பி வந்தாள். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம். கூடவே சீருடையில் பன்னிரண்டு வயதுப் பெண், சைக்கிளின் கேரியரைப் பிடித்தபடி நடந்து வந்தாள்.

"முட்டி வலி விட்டுப்போச்சுக்கா. ஆனா பழையபடியே வச்சுக் குடுத்துருங்க."

"ஏம்மா?"

"இவ ஏறமாட்டேங்குறா. ரெண்டு நாளாப் பள்ளிக்கூடம் போகல."

"பழையபடி வச்சா முட்டி போயிரும்."

"போனாப் போகட்டும்."

சகாயமேரி பெண்ணிடம் கேட்டாள். "ஏன் கண்ணு, ஏறினா என்ன?"

பூமயில் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"அம்மா முதுகைக் காணோம்."

சகாயமேரிக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சரைப் பார்த்தாள். ஒரு சக்கரத்தின் கோட்டத்தை நிமிர்த்திக்கொண்டிருந்த பல்கீஸ் எழுந்து கை துடைத்தாள். சுத்தமான துண்டு ஒன்றை எடுத்து சகாயமேரியின் கண்ணைக் கட்டினாள்.

"பின்னாடி ஏறுங்கக்கா."

சகாயமேரி குள்ளம். பூமயில் உயரம்தான் இருப்பாள். கேரியரில் உட்கார்ந்தாள். பல்கீஸ் முந்தானையைச் சொருகிக்கொண்டு, தாழ்ந்திருந்த ஹேண்டில்பாரைக் குனிந்து பிடித்து மிதித்தாள்.

மெயின் ரோட்டில் லாரி ஒன்று இரைந்துகொண்டு கடந்தது. பல்கீஸ் என்னவோ சொன்னாள். காதில் விழவில்லை. அடுத்த நொடி பள்ளம். பிடிப்பதற்குத் துழாவிய கைக்கு சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்தான் கிடைத்தது. முதுகு எங்கோ முன்னால் இருந்தது. சகாயமேரி மாதாவைக் கூப்பிட்டாள்.

கடைக்குத் திரும்பிக் கண்கட்டை அவிழ்த்தபோது முகமெல்லாம் வேர்வை. நேரே போய்ப் பூமயிலின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பள்ளம் வருதுன்னு அம்மா சொல்றது உனக்கு எப்படிக் கேக்கும்?"

"கன்னத்தை முதுகுல வச்சுக்குவேன். உள்ளாற இருந்து கேக்கும்."

சகாயமேரிக்கு அழுகை வந்துவிட்டது.

"தனியாப் பார்த்த முதல் வேலையே கோணலாயிருச்சே டீச்சர்."

பல்கீஸ் ஸ்பானரை அவள் கையில் வைத்தாள்.

சகாயமேரி சீட்டைத் தொடவில்லை. ஹேண்டில்பாரை உயர்த்தித் தைலம்மையின் பக்கம் இழுத்து வைத்தாள். கேரியரின் மேல் ஒரு பலகையை முடுக்கினாள். பழைய துணிகளை மடித்து, பையில் இருந்த ஊசியால் சுற்றிலும் தைத்து, மெத்தையாக்கிப் பலகையில் கட்டினாள். இந்தத் தடவை இரண்டு பேரையும் ஏற்றினாள். பல்கீஸ் சைக்கிளைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள்.

பூமயில் கன்னத்தால் முதுகைத் தேடினாள்.

"இன்னும் கொஞ்சம்."

சகாயமேரி இன்னொரு மடிப்பு வைத்துத் தைத்தாள்.

"அம்மா, ஏதாச்சும் பேசு."

"என்னத்தைடி பேச?"

பூமயில் சிரித்தாள். "கேக்குது."

"முட்டி எப்படிம்மா இருக்கு?" என்றாள் சகாயமேரி.

"வலியே இல்லக்கா."

இரண்டாவது பீரியடுக்காவது போய்விட வேண்டும் என்று தைலம்மை மிதித்தாள். அவள் முதுகில் பூமயில் கன்னம் ஒட்டியிருந்தது. சைக்கிள் திருப்பத்தில் மறையும்வரை சகாயமேரி வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, நோட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, இரண்டு கோடுகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பேனாவைத் திறந்தாள்.

"டீச்சர், பலகையும் மெத்தையும் சேர்த்து நாலு விரல். எழுதிரவா?"

பல்கீஸ் காதோரம் இருந்த பென்சிலை எடுத்து நீட்டினாள்.

"இதுல எழுதுங்கக்கா. வளர்ற புள்ள."