மலையைக் கட்டிப்போட்ட சன்னாசி அண்ணன்

சிவனொளிபாத மலைக்கு வருகிறவர்களை மழையைவிட அதிகமாகத் தடுத்து வைத்தவர் சன்னாசி அண்ணன்தான். மலையடிவாரத்து நல்லதண்ணியில் நூர்தீன் முதலாளியின் தேத்தண்ணிக் கடையில் யார் ஒதுங்கினாலும் எதிர் பெஞ்சில் அவர் இருப்பார். அன்றைக்கு ஒதுங்கியது நானும் தனபாக்கியம் அக்காவும். மகனுக்குப் பார்வை திரும்பியதற்கு அக்கா வைத்த நேர்த்தி, ஏறியே ஆகவேண்டும். மேலே பேய்க்காற்று என்று இறங்கி வந்தவர்கள் சொன்னதில் கலங்கிப்போயிருந்தாள். ஆள் தெரியாமல் அவரிடமே காற்றைப் பற்றிக் கேட்டுவிட்டாள்.

"இதெல்லாம் ஒரு காத்தாம்மா?" என்று காலை நீட்டி உட்கார்ந்தார்.

ஒரு தடவை அவர் நாலு பேரைக் கூட்டிப் போனாராம். யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், குருநாகல் சிங்கள மாத்தயா ஒருவர், காத்தான்குடி ஹாஜியார், மன்னாரிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி. மேலே பாறையில் பதிந்திருக்கும் பாதம் சிவனுடையது, புத்தருடையது, ஆதம் நபியுடையது, புனித தோமையாருடையது என்று வழியெல்லாம் தர்க்கம். இவர் மட்டும் நடுநிலை. உச்சியில் அடித்த காற்றில் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாமல் சண்டை நின்றுபோனதாம்.

அதுவரை நாங்களும் நம்பினோம்.

பிறகு மலையே ஆடத் தொடங்கியதாம், விழப்போகிற பல் மாதிரி. இந்தப் பக்கம் சாய்ந்தால் மஸ்கெலியா காலி, அந்தப் பக்கம் சாய்ந்தால் இரத்தினபுரி மாணிக்கக் குழியெல்லாம் மூடிப்போகும். உடனே இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து, ஒரு முனையை உச்சியில் சுற்றி, மறு முனையைத் தூரத்து ஏழு கன்னி மலையில் இழுத்துக் கட்டிவிட்டார்.

அவ்வளவு நீளச் சாரம் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று நூர்தீன் முதலாளி கேட்டார். நல்ல சாரம், இழுக்க இழுக்க வரும் என்றார் இவர். அப்போது இடுப்பில் என்ன இருந்தது என்று நான் கேட்டேன்.

"சிஸ்டர் பக்கத்துல நிக்கிறாங்களே தம்பி. மூடுபனியில ஒரு துண்டு கிழிச்சுக் கட்டிக்கிட்டேன்."

அந்த நேரம் ஹாஜியார் கால் தவறிப் பள்ளத்தில் விழுந்தாராம். பனி அத்தனை கெட்டியாக இருந்ததால் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு சலாம் சொன்னாராம். இவர் பனிமேல் நடந்துபோய்த் தூக்கி வந்தார். அதற்குள் சூரியன் எழும்பி, மலையின் முக்கோண நிழல் பனிமேல் நீளமாக விழுந்தது. காற்றில் படியிறங்க முடியாதே. நாலு பேரையும் அந்த நிழலில் உட்கார வைத்து, சறுக்கிக்கொண்டே இந்தக் கடை வாசலில் கொண்டுவந்து இறக்கினாராம்.

"காலை நிழல் இங்கே விழாதே, இரத்தினபுரிப் பக்கந்தானே விழும்?" என்றார் முதலாளி.

"நானா திருப்பிப் போட்டேன்? சூரியனைக் கொஞ்சம் தள்ளி வரச் சொன்னேன், அதுவாத் திரும்பிருச்சு."

முதலாளி அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். அக்கா வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. இறங்கின நாலு பேரும் காப்பாற்றியது யார் சாமி என்று மறுபடி தர்க்கத்தில் இறங்கிவிட்டார்களாம். சன்னாசி அண்ணனை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லையாம். அது அவருக்கு இன்றும் மனவருத்தம்.

"ஆனா மலை கொஞ்சம் கோணலா நின்னுச்சும்மா. அப்படியே விட்டுட்டு வர மனசு கேக்கல. திரும்ப ஏறிப்போய், உச்சியில ஒத்தக் காலை ஓங்கி ஒரே மிதி..."

நிறுத்தினார். வலது பாதத்தை எங்கள் பக்கம் மெதுவாகத் திருப்பிக் காட்டினார்.

அக்கா எழுந்து குடையை எடுத்துக்கொண்டாள். வெளியே மழை விட்டிருக்கவில்லை.

"அண்ணே, அதோட நிறுத்திக்கங்க. அந்த நாலு பேரும் இன்னைக்கு வரைக்கும் எதுலயும் ஒத்துப்போனதில்ல. இதைக் கேட்டா ஒண்ணாச் சேந்து ஒங்கள அடிக்க வருவாங்க."