கொக்குத் தவம்

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அங்கே குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு அறுபத்தொன்று.

சீடர் பூவராகன் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். ஆசிரமத்துக்குக் கணினியில் வருகிற கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுவது அவர் வேலை. தூக்கம் வரவில்லை, பிள்ளை பேசுவதில்லை, மனசு சரியில்லை என்று எங்கெங்கிருந்தோ எழுதுவார்கள். அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு விசைகளைத் தட்டிக்கொண்டே இருப்பார். ஊருக்கெல்லாம் ஆறுதல் போகும். அவர் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும்.

ஒரு காலை, சாப்பாட்டுக் கூடத்தில் டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி உருண்டது. வலக்கையில் மூன்று விரல்கள் மரத்துப் போயிருந்தன.

பூவராகன் தம் குரு தில்லைநாயகியிடம் போனார்.

"அம்மா, அந்தக் கடிதங்களை விட்டால் எனக்குத் துணை கிடையாது. இந்தக் கையும் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?"

"எவ்வளவு நேரம் உட்காருவீங்க?"

"ஒரே மூச்சில் ஆறு மணி நேரம். அசையவே மாட்டேன்." குரலில் கொஞ்சம் பெருமை. "அசையாமல் இருப்பதுதானே தவம்?"

"வீட்டிலும் இப்படித்தானா?"

"எங்கே! என் மனைவி கோமளம் விடமாட்டாள். கணினி முன்னால் உட்கார்ந்தால் போதும், அரைமணிக்கு ஒருதரம் வாசலில் வந்து நிற்பாள். 'எழுந்திருங்க, காபி ஆறுது.' எனக்கு எரிச்சலாக வரும்." தரையைப் பார்த்தார். "அவள் போய் நாலு வருஷம் ஆச்சு. இப்போது யாரும் கூப்பிடுவதில்லை."

குரு எழுந்து நேரே பூவராகனின் அறைக்குப் போய், அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கழுத்தை முன்னே நீட்டினார். முதுகைக் கூனிக்கொண்டார். மணிக்கட்டு இரண்டையும் மேசை விளிம்பில் அழுத்தி, விரல்களை மேலே தூக்கினார். கண் கொட்டவில்லை.

"தங்கள் கடிதம் கண்டேன்" என்றார். அச்சு அசலாகப் பூவராகனின் மூக்கடைத்த குரல்.

சமையல்கார அஞ்சலை எட்டிப் பார்த்தாள். "அம்மாவுக்கு என்னாச்சு? மீனுக்கு நிக்கிற கொக்கு மாதிரி இருக்காங்க!"

"அந்தக் கொக்கு நான்தான்" என்று பூவராகன் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு மணி நேரத்தில் சிரிப்பு நின்றது. குருவின் கண் சிவந்திருந்தது. விரல் நுனிகள் லேசாக நடுங்கின.

"போதும் அம்மா. கழுத்து பிடித்துக்கொள்ளும்."



பூவராகன் கணினித் திரைக்கு அடியில் இரண்டு தடிப் புத்தகங்களை வைத்து உயர்த்தினார். "குனியாதீங்க, நேராகப் பாருங்க." போர்வையை மடித்து முதுகுக்குப் பின்னால் செருகினார். தொங்கிய காலுக்குக் கீழே பலகையைத் தள்ளினார். "மணிக்கட்டை மடக்காதீங்க. கை மரத்துடும்னு உங்களுக்குத் தெரியாதா?" மூடியே கிடந்த ஜன்னலைத் திறந்தார். "அந்த மலையைக் கொஞ்ச நேரம் பாருங்க. கண்ணாவது ஆறட்டும்."

குரு அசையவில்லை.

பூவராகன் சமையலறைக்கு ஓடினார். இடக்கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார்.

"எழுந்திருங்கம்மா, காபி ஆறுது."

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

குரு உடனே எழுந்தார். கையை உதறினார். சோம்பல் முறித்தார். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

பூவராகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு என்னிடம் யாரம்மா வந்து இப்படிச் சொல்வார்கள்?"

"இப்போ என்கிட்ட சொன்னது யாரு?" என்றார் குரு.