அமாவாசைக் களியும் இளவட்டக்கல்லும்

வேம்பனூர் ராஜா மருதப்ப பூபதிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் போயும் விடும். ஆனால் கோபத்தில் சொன்ன வார்த்தை முரசில் ஏறிவிட்டால் தொலைந்தது. முரசறைந்து சொன்னதை ராஜாவே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. அந்த ஊர் வழக்கம் அப்படி.

இது தளவாய் கொண்டல்ராயருக்கு நன்றாகத் தெரியும். அரண்மனை மல்லர் கூடத்தில் தன் மைத்துனன் ஆட்களை நுழைக்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. ஆனால் கிழட்டுப் பயில்வான்கள் இடத்தைக் காலி பண்ணினால்தானே! ராஜா எரிச்சலில் இருந்த ஒருநாள் பார்த்து மெல்லக் கொளுத்திப் போட்டார்.

“மகாராஜா, கூடத்தில் பாதிப் பேர் தின்றுவிட்டுத் தூங்குகிறார்கள். வயதானவர்களுக்கு ஒரு சோதனை வைத்தால் என்ன?”

“வையுமய்யா!”

அன்று சாயங்காலமே முரசு முழங்கியது. ‘மல்லர் கூடத்துக் களியைத் தின்கிறவர்களில் அறுபது நிறைந்த எல்லாரும் இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏற்ற வேண்டும்! முடியாதவர் கூடத்தை விட்டு வெளியேற வேண்டும்!’

இளவட்டக்கல் தெரியுமல்லவா? உருண்டையாக, வழவழவென்று, பிடிக்க ஒரு இடம் இல்லாமல் கிடக்கும். மீசை முளைத்த பையன்கள் தூக்குகிற கல்லைப் பேரன் எடுத்தவர்களிடம் கொடுத்தால்? நல்ல நியாயம்!

அரண்மனை விகடர் அரியநாயகம் முரசைக் கேட்டதும் கூடத்துக்கு ஓடினார். ஓடினார் என்றா சொன்னேன்? அவர் தொந்திக்கு அது உருளல்தான். அங்கே ஒச்சப்ப பயில்வான் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் ராஜாவின் தகப்பனாரைத் தோளில் சுமந்து வெள்ளத்தைக் கடந்த மனிதர். பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. கூடம்தான் வீடு.

“எங்கே கிளம்பிவிட்டீர், ஓய்?”

“தெரியலை சாமி. முழங்கால் மடங்க மாட்டேங்குது. குனிஞ்சாத்தானே கல்லைத் தூக்க முடியும்?” குரல் உடைந்துவிட்டது. அரியநாயகத்துக்கும் கண் கலங்கியது.

“மூட்டையை அவிழும். முதலில் நடந்து காட்டும்.”

நடக்கச் சொன்னார். உட்காரச் சொன்னார். எழுந்து படி ஏறச் சொன்னார். பக்கத்தில் நின்ற காத்தவராய பயில்வானையும் விடவில்லை. பார்த்தால், காத்தவராயருக்கு முழங்கால் தேக்குத்தூண். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒச்சப்பருக்கு மூச்சில் ஒரு குறையும் இல்லை. முழங்கால்தான் சண்டித்தனம் பண்ணுகிறது.

“ஒரே வயது, ஒரே களி. ஆனால் கோளாறு வேறு வேறு. பயிற்சி மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?” என்றார் அரியநாயகம்.

மறுநாள் முதல் ஒச்சப்பர் குளத்தில் மார்பளவு தண்ணீரில் நடந்தார். காத்தவராயர் பேசிக்கொண்டே மைதானத்தைச் சுற்றினார். பேச்சு திணறினால் உட்கார்ந்துவிட வேண்டும். அதுதான் கணக்கு.

தளவாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஒருவன் குளிக்கிறான், ஒருவன் ஊர்வம்பு பேசுகிறான். இதற்குப் பேர் பயிற்சியா? அமாவாசை வரட்டும், ராஜா முன்னாலேயே கல்லைத் தூக்கச் சொல்கிறேன்!”

அமாவாசை வந்தது. அன்று ராஜா கூடத்துக்கு வந்து களிப்பானையிலிருந்து முதல் உருண்டையைத் தின்பார். நானும் இந்தக் கூடத்துப் பிள்ளைதான் என்று காட்டுகிற பரம்பரை வழக்கம் அது. ஊரே கூடியிருந்தது. ராஜா உருண்டையை வாயில் போட்டதும் தளவாய் ஒச்சப்பரைக் கல் முன்னால் தள்ளினார்.

குனிய முடியாதிருந்த மனிதர் குந்தி உட்கார்ந்தார்! கல்லை அணைத்தார். அது முழங்கால் வரை எழும்பியது. அப்புறம் நழுவித் தொப்பென்று விழுந்தது.

“முடியவில்லை! வெளியே போ!” என்று தளவாய் கத்தினார்.

“பொறுமய்யா,” என்றார் அரியநாயகம். “முதலில் தூக்க வேண்டியவர் இன்னும் தூக்கவில்லையே!”

“யார் அது?”

அரியநாயகம் ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டார். “மகாராஜாவின் அறுபதாம் கல்யாணச் சாப்பாடு போன மாதம்தான் ஊரே சாப்பிட்டோம். இப்போது மகாராஜா மெல்லுவது கூடத்துக் களி.”

ராஜாவுக்குக் களி தொண்டையில் நின்றது. அடக்கடவுளே, முரசு எல்லாரும் என்றல்லவா சொன்னது! அரியநாயகத்தை அருகே இழுத்துக் காதில் கிசுகிசுத்தார்.

“யோவ், எனக்கு இடுப்புப் பிடிப்பு. குனிந்தால் நிமிர முடியாது. குதிரைமேல் ஏற்றிவிடும், வேல் எறிவதில் எவன் வருகிறான் பார்ப்போம்!”

“ஒச்சப்பரும் அப்படித்தான் மகாராஜா. அவர் பிடி போட்டால் எவனாவது அவிழ்க்கட்டும். முழங்கால்தான் தகராறு.”

ராஜா தளவாயை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். “என்ன முரசு அடித்துத் தொலைத்தீர்? என் கூடத்தை விட்டு நானே வெளியேறுவதா?”

தளவாய் மெல்ல இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“யாரும் வெளியேற வேண்டாம் மகாராஜா,” என்றார் அரியநாயகம். “கல்லைத் தூக்க வேண்டும் என்றுதான் முரசு சொன்னது. எந்த நாளைக்குள் என்று சொல்லவில்லை. தளவாயார் அவசரத்தில் அதை மறந்துவிட்டார். இன்றைக்குத் தூக்காதவர் இன்னும் பயிற்சியில் இருக்கிறார், அவ்வளவுதான். அவரவர் உடம்புக்கு ஏற்ற பயிற்சி, அவரவர் வேகத்தில்.”

ராஜா கடகடவென்று சிரித்தார். பாதிச் சிரிப்பில் “ஐயோ, இடுப்பு!” என்று பிடித்துக்கொண்டார். தன் கைக்காப்பைக் கழற்றி அரியநாயகத்துக்குப் போட்டார். மூத்த பயில்வான்கள் எல்லாரும் இனி அவர் பொறுப்பு என்றார். ஒச்சப்பருக்கு இரண்டாவது களி உருண்டையைத் தன் கையாலேயே கொடுத்தார். பெரியவர் அதை வாங்கிக்கொண்டு விசும்பினார்.

“சரி விகடரே, என் பயிற்சி எந்தக் கல்லில் ஆரம்பம்?”

“ராணியம்மா சமையல்கட்டு அம்மிக்குழவியில், மகாராஜா.”

“அடப்பாவி! அதிலிருந்து இந்த இளவட்டக்கல்லுக்கு நான் எப்போது வந்து சேர்வது?”

“என்ன அவசரம் மகாராஜா? முரசுதான் நாள் குறிக்கவில்லையே!”