நாற்பது சரியான விடைகள்

புதுக் கருத்தைக் கண்டால் பெரிய நாற்காலிகளுக்குக் காய்ச்சல் வரும். இயற்பியல் துறைத் தலைவர் சேதுநாதனுக்கும் வந்தது. ஆய்வகப் பணியாளர் இருளாண்டி போன மாதம் ஊசலின் ஆட்ட நேரத்தை அளந்து, ஒரு புதுக் கொள்கையை எழுதி நீட்டியிருந்தார். தலைவர் அதைப் பிரிக்கவேயில்லை; புத்தகத்தில் இல்லாத அளவு என்று காதில் விழுந்ததே அவருக்குப் போதும். செய்முறைத் தேர்வுக்கு வந்திருந்த வெளியூர்த் தேர்வாளர் முன்னால் இருளாண்டியைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“புத்தகத்துல இல்லாத அளவு எப்படிய்யா சரியாகும்? தப்புன்னு இப்பவே எழுதிக் கொடு. இல்லேன்னா வேலை காலி!”

“கொடுக்கிறேன் ஐயா. நேத்து செய்முறைத் தேர்வுல இதே ஊசலை அளந்த நாற்பது பிள்ளைங்க விடையும் சரிதானே?”

“அத்தனையும் புத்தக விடை! நானே முழு மதிப்பெண் போட்டேன்.”

இருளாண்டி, தேர்வுக்குக் கொடுத்த ஒரே நிறுத்துக் கடிகாரத்தை மேசையில் வைத்தார். “இது திங்கட்கிழமையே நின்னுபோச்சு ஐயா. அன்னைக்கே எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளையும் நீங்க படிக்கல.”

தேர்வாளர் கொள்கைத் தாளைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தார்.