எருக்கம்மை என்னும் பெயர்

நெடுங்காவூர்ச் சிவன் கோயில் பசுக்கொட்டிலில் சாணம் அள்ளும் பணி செய்து வந்தார் நங்கையார். பணி முடிந்ததும் ஆற்றில் குளித்து, ஈரப் புடவையோடு வாயிலில் நின்று இறைவனைத் தொழுவார். அவர் கையில் கொடுப்பதற்கென்று கணவர் கூத்தனார் பூமாலை கட்டி வைத்திருப்பார்.

ஒருநாள் ஊர்த்தலைவன் கொற்றங்குடையானின் தோட்டத்திலிருந்து வேலிக்கு வெளியே நீண்டிருந்த கிளையில் கூத்தனார் செண்பகம் பறித்தார். அதற்காக ஆட்களை ஏவி அவரை அடிக்கச் சொன்னான் கொற்றங்குடையான். வீட்டுக்குத் தூக்கி வரப்பட்டவர் அன்றே உயிர் நீத்தார். ஏன் என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் துணிவில்லை.

சிதை அடங்கியதும் நங்கையார் சுடுகாட்டில் மண்டியிருந்த எருக்கம்பூவைப் பறித்தார். நேரே கோயிலுக்கு வந்தார்.

"சாமி, இனிமே ஒனக்கு இந்தப் பூதான். எம்புருசன் செத்ததுக்கு அவன் அனுபவிக்கணும். அத நான் கண்ணால பாக்கணும். வேற ஒண்ணும் ஒங்கிட்ட கேக்க மாட்டேன்" என்றார்.

அதன்பின் நாள்தோறும் அதே பூ, அதே வேண்டுதல். ஊரார் அவரை 'எருக்கி' என்று அழைத்துச் சிரித்தனர். அர்ச்சகர் கூட ஒருமுறை, "பழிய மனசுல வச்சிக்கிட்டுப் பூ போடலாமாம்மா?" என்று கேட்டார்.

"வேற யாருகிட்டப் போய்ச் சொல்லட்டும்? எனக்கு இவரு ஒருத்தர்தான இருக்காரு" என்றார் நங்கையார்.

திருவிழா வந்தது. பொன்மலர் மாலை சாத்த வந்த கொற்றங்குடையான், பறித்த ஈரம் மாறாத எருக்கங்கொத்துகளோடு வாயிலில் நின்றவரைக் கண்டான்.

"சுடுகாட்டுப் பூவ எடுத்துக்கிட்டு என் எதுக்க நிக்கிறியா, எருக்கி?"

கொத்துகளைப் பிடுங்கி, முகத்துக்கு நேரே ஒடித்துக் கசக்கினான். எருக்கம்பால் அவனுடைய இரு கண்களிலும் தெறித்தது. தேய்த்துக்கொண்ட கைகளிலும் அதே பால். "எரியுதே! கண்ணு தெரியலயேடா!" என்று அலறித் தரையில் புரண்டான். தண்ணீர் கொண்டு ஓடி வந்தவர்களுக்கு நங்கையார் வழி விட்டார். பார்வையை மட்டும் அவனைவிட்டு எடுக்கவில்லை.

"பாத்துட்டேன் சாமி" என்றார். கணவர் இறந்தது முதல் அழாதிருந்தவர், அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அப்போது கருவறையிலிருந்து எழுந்த குரலை எல்லோரும் கேட்டனர்: "எருக்கம்மையே, பூ எங்கே? நாம் காத்திருக்கிறோம்."

அர்ச்சகர் ஓடி வந்து, சிதறிய பூக்களைத் தம் கையாலேயே பொறுக்கிச் சென்று சாத்தினார். பொன்மாலை தட்டிலேயே கிடந்தது. ஏளனமாய் வந்த பெயரை இறைவன் அம்மை என்று சேர்த்து அழைத்ததால், அவ்வூரார் தம் பெண்மக்களுக்கு அப்பெயரையே சூட்டத் தொடங்கினர்.

ஆறாத சினத்தையும் ஒளிக்காமல் இறைவன் திருமுன் வைத்து நின்ற எருக்கம்மையாரின் சாணம் படிந்த திருக்கரங்களை வணங்குவோம்.