கணப்புப் பலகையில் ஒரு கை

கொடைக்கானலில், ஏரிக்கு மேலே, பஸ் ஏறாத ஒரு மேட்டில் பிரிம்ரோஸ் பங்களா என்று ஒன்று உண்டு. அதில் நாலு பேர் வேலை பார்த்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை என்று சொன்னால் அது பொய். அந்த ஒன்றையும் எங்கேயோ வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள்.

சவரிமுத்து வாட்ச்மேன். அவர்தான் தலைவர், ஏனென்றால் டார்ச் லைட் அவரிடம் இருந்தது. குழந்தையம்மா சமையல். மாயழகு தோட்டம். பொன்னுத்துரை டிரைவர். காரை விற்றாயிற்று, டிரைவர் மட்டும் மிச்சம். தினமும் காலையில் காலி ஷெட்டைத் திறப்பான், கார் இல்லை என்று பார்ப்பான், பூட்டிவிட்டு வருவான்.

சவரிமுத்துவுக்கு உலகத்தில் பிடித்தது ஒரே ஒரு சுவர். பங்களா ஹாலின் மூலையில் ஒரு கணப்பு இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. அந்த மூலைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவருடைய அறை. ஹாலில் விறகு எரிந்தால் இங்கே சுவர் சுடும். அதில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவருக்கு வேறு ஒன்றும் வேண்டாம். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டார். கொடைக்கானல் குளிருக்குச் சுவரே போதும் என்பது அவர் கட்சி.

அந்தச் சுவருக்குத்தான் ஆபத்து வந்தது.

சென்னையிலிருந்து வத்சலா மேடம் போனில் பேசி அனுப்பியிருந்தார். நாலு பேரும் தலையை ஒட்டிக்கொண்டு கேட்டார்கள்.

"சனிக்கிழமை சம்பந்தியம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். கனடாவுல அவங்க வீட்டுக் கணப்புக்கு மேலே இருக்கிற பலகையை இலையுதிர் காலத்துக்கு அலங்காரம் பண்ணி ஊரெல்லாம் போட்டோ அனுப்பியிருக்காங்க. நம்ம பங்களாவுலயும் பலகை இருக்குல்ல? அதே மாதிரி பண்ணி வைங்க. போட்டோ அனுப்பியிருக்கேன். அப்படியே இருக்கணும். ஆனா புதுசா ஒண்ணும் வாங்கக் கூடாது. வீட்டுல ஏற்கெனவே இருக்கிறதை வெச்சுத்தான் பண்ணணும். வெளியிலேர்ந்து ஒரு குண்டூசி வரக்கூடாது. என் மானத்தை வாங்கினீங்க, பங்களாவை ஏஜென்சிகிட்ட கொடுத்துடுவேன். நாலு பேரும் ரூமைக் காலி பண்ணிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

சவரிமுத்துவின் முதுகு அப்போதே குளிர்ந்தது.

போட்டோவைத் திறந்தார்கள். பலகை மேலே சிவப்பும் மஞ்சளுமாக இலைத் தோரணம். ஒரு பூசணிக்காய். ஒரு கடிகாரம். ஒரு பூனை, சுருண்டு தூங்குகிறது.

"முதல்ல இதைச் சொல்லுங்க. இலையுதிர் காலம்னா எந்த மாசம்?" என்றான் பொன்னுத்துரை.

"நம்ம ஊர்ல அது வராது," என்றான் மாயழகு. "இங்கே மழை, பனி, சீசன். மூணுதான். எந்த மரமும் மொத்தமா உதிர்த்து நான் பார்த்ததில்லை."

"அப்போ எப்படிடா பண்றது?"

"வீட்டுக்குள்ள மட்டும் உதிர்த்துக்கலாம்ணே."

இது சரி என்று எல்லாருக்கும் பட்டது.

பூசணிக்காய் தோட்டத்தில் இருந்தது. ஆனால் தோட்டம் வீட்டுக்கு வெளியே இருந்தது. இங்கேதான் முதல் சிக்கல். வெளியிலிருந்து குண்டூசி வரக்கூடாது என்றால் பூசணிக்காய் மட்டும் வரலாமா? அரைமணி நேரம் வாசற்படியில் நின்று யோசித்தார்கள். பூசணிக்காய் மாயழகு கையில் இருந்தது, அவன் அதை இந்த இடுப்புக்கும் அந்த இடுப்புக்கும் மாற்றிக்கொண்டிருந்தான்.

பொன்னுத்துரைதான் வழி சொன்னான். "இன்னிக்கு உள்ளே கொண்டு போனா அது வெளியிலேர்ந்து வந்தது. ஒரு ராத்திரி உள்ளேயே தங்க விடுங்க. நாளைக்குக் காலையில பார்த்தா அது ஏற்கெனவே வீட்டுல இருக்கிறதுதானே?"

சவரிமுத்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு தலையைக் கார் இல்லாமல் வீணாக்குகிறார்களே என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது. பூசணிக்காயைப் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். இருக்கட்டும் என்று ஷெட்டிலிருந்து கடப்பாரையையும் கொண்டுவந்து பக்கத்தில் படுக்க வைத்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்தது இலை. வீட்டில் ஏற்கெனவே இருந்த இலை என்று பார்த்தால் குழந்தையம்மாவின் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் பிரிஞ்சி இலை இருந்தது. மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள் தூளைக் குழைத்துத் தடவினாள். சிவப்பு நிறத்துக்கு எதைத் தடவினாள் என்று கேட்கவே வேண்டாம். மிளகாய்த் தூள். அதுவும் கறிக்குழம்புக்கென்று தனியாக வைத்திருந்த காரமான தூள். தோரணம் கட்டி முடிப்பதற்குள் நாலு பேரும் மாறி மாறிக் கண்ணைக் கசக்கி, கசக்கின கையாலேயே மறுபடி கசக்கி, ஒப்பாரி வீடு மாதிரி ஆகிவிட்டது.

"அழகா இருக்குக்கா," என்று மாயழகு அழுதுகொண்டே சொன்னான்.

பூனை இல்லை. கோழி இருந்தது, குழந்தையம்மாவுடையது.

"பூனைக்கு நாலு காலுக்கா," என்றான் பொன்னுத்துரை.

"தூங்குறப்போ காலை எவன் எண்ணுறான்? போட்டோவுல உனக்குக் கால் தெரியுதா?"

தெரியவில்லை. கோழியைப் பலகையில் ஏற்றினார்கள். அது தூங்கவில்லை. குழந்தையம்மா மேலே கூடையைக் கவிழ்த்தாள். உள்ளே இருட்டானதும் கோழி ராத்திரி என்று நினைத்துத் தூங்கிவிட்டது. கூடையை எடுத்தால் விழித்துக்கொண்டது. கவிழ்த்தால் தூங்கியது. "மேடம் வர்ற நேரத்துக்கு டக்குனு எடுத்துடுவேன்," என்றாள். நடுவில் அது ஒரு முட்டை வேறு போட்டது. முட்டை போட்டோவில் இல்லை. அதைவிடப் பெரிய குற்றம், அது புதுசு. புதுசாக ஒன்றும் கூடாது என்று மேடம் சொல்லியிருக்கிறார். அதனால் முட்டையை உடனே ஆம்லெட் போட்டுத் தின்று ஒழித்தார்கள்.

போட்டோவின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. அது சவரிமுத்துவின் போன் கீழே விழுந்து கண்ணாடி விரிந்த கோடு. யாருக்கும் அது தோன்றவில்லை. "கனடாவுல சுவர் விரிஞ்சிருக்கு போல," என்று சொல்லி, மாயழகு ஏணி போட்டு ஏறி, புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரில் கூரையிலிருந்து பலகை வரை அடுப்புக்கரியால் ஒரு கோடு இழுத்தான். நன்றாகவே இழுத்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியில்தான் மாயழகு அதைப் பார்த்தான். போட்டோவின் வலது ஓரத்தில், பலகை முடிகிற இடத்தில், ஒரு கை. முழங்கையிலிருந்து விரல் வரைதான். கட்டம் போட்ட ஸ்வெட்டர். கையில் ஒரு கப்.

"கை மட்டும் இருக்குண்ணே. ஆள் எங்கே?"

சவரிமுத்து போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கேயும் ஆள் இல்லை.

"பாவம், யாரு பெத்த பிள்ளையோ," என்றாள் குழந்தையம்மா.

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும்," என்றான் பொன்னுத்துரை, "கை இங்கே இருக்கணும், ஆள் இங்கே இருக்கக் கூடாது. ஆள் தெரிஞ்சா போட்டோ மாதிரி இருக்காது."

"அப்போ ஆளை எங்கே வைக்கிறது?"

எல்லாரும் பலகையின் வலது முனையைப் பார்த்தார்கள். அது சுவரில் முட்டுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் சவரிமுத்துவின் அறை. பிறகு எல்லாரும் பாயில் படுத்திருந்த கடப்பாரையைப் பார்த்தார்கள். அது எதற்கு வந்தது என்று இப்போது புரிந்தது.

"டேய், அது என் சுவருடா," என்றார் சவரிமுத்து. ஓடிப்போய்ச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றார்.

"யோசிச்சுப் பாருங்கண்ணே. போட்டோ மாதிரி இல்லேன்னா ரூம் போயிடும். ரூம் போனா சுவரும் போயிடும். சுவரைக் காப்பாத்தணும்னா சுவரை இடிச்சுத்தான் ஆகணும்," என்றான் பொன்னுத்துரை.

இந்தக் கணக்கு சவரிமுத்துவுக்குச் சரியாகவே பட்டது. தன் சுவரை அடுத்தவன் இடிக்கக் கூடாது என்று கடப்பாரையைத் தானே வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு இடித்தார். மிளகாய்க் கையால் துடைத்ததால் இன்னும் அழுதார்.

ஓட்டை விழுந்தது. கட்டம் போட்ட ஸ்வெட்டர் இல்லாததால் பொன்னுத்துரையின் கட்டம் போட்ட லுங்கியைக் கையில் இறுக்கிச் சுற்றினார்கள். சனிக்கிழமை விடிந்ததும் சவரிமுத்து தன் அறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து கையை நுழைத்தார். லேசாக நுழையவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து மாயழகும் குழந்தையம்மாவும் பிடித்து இழுத்த பிறகு முழங்கை வரை வந்து, அங்கேயே மாட்டிக்கொண்டது. கையில் டீ கப்பைக் கொடுத்தார்கள்.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்கண்ணே. போட்டோவுல சாஞ்சிருக்கு."

சாய்த்துப் பிடித்தார். டீ வழிந்து கோழிக்கூடை மேல் சொட்டியது.

மேடத்தின் கார் ஒன்பதரைக்கே வந்துவிட்டது. பொன்னுத்துரை கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்குள்ளே கை கட்டி நின்றான்.

"கேட்டைத் திற பொன்னுத்துரை! சம்பந்தியம்மா குளிர்ல நடுங்குறாங்க!"

"பத்து பத்துக்குத் திறக்குறேங்க மேடம்."

"என்ன பத்து பத்து?"

"போட்டோவுல கடிகாரம் பத்து பத்து காட்டுதுங்க. பலகையில வெச்ச நம்ம கடிகாரம் இப்போ ஒன்பதரை காட்டுது. இப்போ பார்த்தீங்கன்னா போட்டோ மாதிரி இருக்காதுங்க. கொஞ்சம் பொறுத்துக்கிட்டீங்கன்னா அதுவே சரியா வந்துடும்."

மேடம் கத்தினார். ஹாரன் அடித்தார். ஏஜென்சி, போலீஸ், இரண்டையும் சொன்னார். பொன்னுத்துரை மரியாதையாக எல்லாவற்றுக்கும் "ஆகட்டுங்க" என்றான். திறக்கவில்லை. பத்து பத்துக்குத் திறந்து சல்யூட் அடித்தான்.

உள்ளே வந்த மேடம் ஹாலில் அப்படியே நின்றுவிட்டார். கூரையிலிருந்து இறங்கும் கரிக்கோடு. பூசணிக்காய். சமையல்கட்டு வாசம் வீசும் தோரணம். குழந்தையம்மா "டக்"கென்று கூடையை எடுக்க, டீயில் நனைந்த கோழி ஒன்று கொட்டாவி விட்டது. அதற்குப் பக்கத்தில் சுவரிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டு, லுங்கி கட்டி, டீ குடிக்கப் போகிற மாதிரி நின்றது.

"அது... அது யாரு கை?"

"வீட்டுல ஏற்கெனவே இருந்த கைதாங்க மேடம்," என்றது சுவர், மரியாதையாக.

மேடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் விழுந்தார். "குளிருது, முதல்ல அந்தக் கணப்பைப் பத்த வை" என்று சொல்வதற்கு மட்டும் அவருக்குத் தெம்பு இருந்தது. மாயழகு பற்றவைத்தான்.

விறகு நன்றாகப் பிடித்தது. தீ மேலே எழும்பியது. தோரணத்தின் நூல் கருகியது. ஒரு பிரிஞ்சி இலை கழன்று ஆடி ஆடித் தீயில் விழுந்தது. அடுத்து ஒன்று. அடுத்து ஒன்று.

"உதிருது! உதிருது!" மாயழகு குதித்தான். "அண்ணே, கொடைக்கானல்ல இலையுதிர் காலம் வந்துடுச்சு!"

"எனக்குத் தெரியலையேடா!" என்று சுவருக்குள்ளிருந்து குரல் வந்தது. "எப்படிடா இருக்கு?"

எப்படி இருந்தது என்றால், அத்தனை மிளகாய்த் தூளும் நெருப்பில் விழுந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. மேடம் தும்மினார், இருமினார், சம்பந்தியம்மாவை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். கோழி அவர்களுக்கு முன்னால் ஓடியது. இந்தக் களேபரத்தில் அசையாமல் இருந்தது அந்தக் கை ஒன்றுதான். கப் சாய்ந்தபடியே இருந்தது.

வாசலில் சம்பந்தியம்மா கண்ணில் நீர் வழிய, தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று மேடம் பயந்தார். அழவில்லை.

"அது எங்க வீட்டுக்காரர் கைங்க!" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "நான் போட்டோ எடுக்கிறப்போவெல்லாம் டீயோட குறுக்கே வருவாரு. இதே மாதிரிதான் சாய்ச்சுப் பிடிப்பாரு, இதே மாதிரிதான் சிந்துவாரு. கடவுளே! சம்பந்தி, இந்த ஆளுங்களை மட்டும் விட்டுடாதீங்க. நான் அடுத்த வருஷமும் வரணும்."

சம்பந்தி வாயிலிருந்து வந்த பிறகு வத்சலா மேடத்தால் என்ன செய்ய முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ஏஜென்சி வேண்டாம். எல்லாரும் இருந்து தொலைங்க. நாங்க இன்னிக்கு ஓட்டல்ல தங்கிக்கிறோம். மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்த மனுஷனைச் சுவர்லேர்ந்து விடுவிச்சு, ஓட்டையை அடைச்சு வைங்க."

சவரிமுத்துவுக்கு அறை தங்கிவிட்டது. அவர் அந்தப் பக்கம் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டார். சுவர் சுட்டது. இந்தப் பக்கம் இருந்த கைக்கும் இப்போது நேராகச் சூடு கிடைத்தது. இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் தங்கப்பாண்டி மேஸ்திரி கரண்டியும் சிமென்ட் சட்டியுமாக வந்தார். வாசற்படியில் கால் வைத்ததும் மூன்று பேரும் குறுக்கே நின்றார்கள்.

"எதுக்குய்யா மறிக்கிறீங்க? மேடம்தானே வரச் சொன்னாங்க?"

"வரச் சொன்னாங்க," என்றான் பொன்னுத்துரை. "ஆனா வெளியிலேர்ந்து ஒரு குண்டூசி வரக்கூடாதுன்னும் சொல்லியிருக்காங்க. அதை இன்னும் வாபஸ் வாங்கலை. நீங்க குண்டூசியை விடப் பெரிசா இருக்கீங்க."

"அப்போ நான் கிளம்பவா?"

"கிளம்பிட்டா அண்ணனை யார் எடுக்கிறது?" என்றது சுவர். "என்னை" என்று சொல்ல வேண்டியது, மிளகாய்ப் புகையில் அவருக்கே குழப்பம்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மேஸ்திரியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், பூசணிக்காயும் கடப்பாரையும் படுத்திருந்த அதே பாயில் படுக்க வைத்தார்கள். காலையில் அவர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிற மேஸ்திரி ஆகிவிடுவார். அதற்கப்புறம் வேலையை ஆரம்பிக்கலாம்.

"எனக்கு இங்கே தூக்கம் வராதுய்யா," என்றார் மேஸ்திரி, கூரையைப் பார்த்தபடி.

"அதுக்கென்ன," என்று குழந்தையம்மா சமையல்கட்டுக்குள் போனாள். அவர் தலை கொள்கிற அளவுக்குப் பெரிய கூடை ஒன்றைத் தேட ஆரம்பித்தாள்.