திசை சொல்லாத காலடி

ஆற்றுக்கு இந்தக் கரை ஒரு நாடு, அந்தக் கரை வேறு நாடு என்று யாருக்கும் தோன்றாத காலம் அது. விலங்கும் பறவையும் பேசிக்கொண்டிருந்தன. ஆறுகூடக் கேட்டால் பதில் சொல்லும். இன்று அமெரிக்காவின் தெற்கு ஓரத்தில், பாலத்தை ஒட்டி ஒரு சின்ன ஊர் கிடக்கிறதே, அங்கே அன்று ஒரு வீடும் இல்லை. வடக்கே ஒரு மொட்டைக் குன்று, தெற்கே ஒரு மொட்டைக் குன்று, நடுவில் ஆறு. ஆறு என்று பெயர்தான். கோடையில் அங்கே மணல்தான் மிச்சம்.

வடகரையில் பைசானோ என்றொரு பறவை இருந்தான். குயில் சாதிதான், ஆனால் இறக்கை இருந்தும் பறக்க அலுப்பு. ஓட்டம் என்றால் உயிர். அப்போது அவன் காலில் மூன்று விரல் முன்னால், ஒரு விரல் பின்னால். ஈரம் காயாத மணலில் ஓடிவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அம்பு அம்பாகப் பதிந்த தன் காலடியைப் பார்ப்பதில் அவனுக்கு அத்தனை பெருமை.

தென்கரையில் ஒரு சப்பாத்திக்கள்ளிப் புதருக்குள் காடை ஒருத்தி குஞ்சு பொரித்திருந்தாள். பைசானோ அவளை அக்கா என்பான். தினமும் போய்க் கொஞ்ச நேரம் பேசாவிட்டால் அவனுக்குத் தின்றது செரிக்காது.

"நீ வர்றது சந்தோஷம்தான் தம்பி. ஆனா மணல்ல வராதே, கல்லு மேல தாவி வா. நரி அலையறான்," என்றாள் காடை.

"சுத்திலும் பிசின் செடி மணக்குது. இதுல அவன் மூக்கு எங்கக்கா வேலை செய்யும்?"

"மூக்கு செய்யாது. கண்ணு?"

"கல்லு சுடுதுக்கா," என்று சிரித்து மழுப்பினான். கல் சுட்டது உண்மைதான். ஆனால் கல்லில் காலடி பதியாதே என்பதுதான் அவன் குறை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒருநாள் வடகரையில் நரி எதிர்ப்பட்டான். பட்டினியில் விலா எலும்பு தெரிந்தது.

"தினமும் எங்கேப்பா போயிட்டு வர்றே?"

"சும்மா, காத்து வாங்க."

நல்லவேளை, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளவில்லை என்று பைசானோ நிம்மதியாகப் பல்லி பிடிக்கப் போனான். மணலில் அவன் விட்டுவந்த அம்புகள் எல்லாம் கள்ளிப்புதரைக் காட்டிக்கொண்டு கிடந்ததை அவன் நினைக்கவே இல்லை.

மறுநாள் போனபோது புதர் சத்தமில்லாமல் இருந்தது. முள்ளில் பஞ்சு போன்ற இறகு ஒட்டியிருந்தது. காடை வெளியே உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணுகூட மிஞ்சலை தம்பி," என்றாள்.

அவன் கீழே பார்த்தான். அவனுடைய ஒவ்வொரு காலடிக்குப் பக்கத்திலும் நரியின் காலடி. காடை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் எழுந்து, தெற்குக் குன்றைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அவன் ஆற்றிடம் ஓடினான். "என் காலடியை எல்லாம் அழிச்சிடு தாயே!"

"தண்ணி இருந்திருந்தா நீ கேக்காமலே அழிச்சிருப்பேனே மகனே," என்றது ஆறு.

சுடுகிறது என்று சொல்லி எந்தக் கல்லைத் தவிர்த்தானோ, அதன் மேலேயே ஏறினான். வெளிவிரலைக் கல்லிடுக்கில் செருகி, பின்பக்கமாகத் திருகினான். அடுத்த காலுக்கும் அப்படியே. வலியில் கண் இருண்டது. பிறகு நொண்டி நொண்டி மணலில் நடந்து பார்த்தான். பெருக்கல் குறிதான் பதிந்தது. எது முன், எது பின் என்று அவனுக்கே தெரியவில்லை. அக்கா திரும்பி வந்திருந்தால் காட்டலாம் என்று தென்கரைக்கு ஓடினான். புதரில் யாரும் இல்லை.

பிறகு ஊர் வந்தது, பாலம் வந்தது, இரும்பு வேலி வந்தது. யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று மணலைக் குனிந்து பார்க்கும் காவலர்களும் வந்தார்கள். பைசானோவின் காலடி மட்டும் வந்ததா போனதா என்று அவர்களுக்கும் பிடிபடுவதில்லை. அன்று திருகிய விரல்தான் இன்றும் அவன் வம்சத்தின் காலில் பின்னோக்கி இருக்கிறது. யாரையும் காட்டிக்கொடுக்காத அந்தக் காலோடு, இரண்டு கரையிலும் புதர் புதராக, அவர்கள் இன்னும் அந்த அக்காவைத் தேடி ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.